அடங்கல்

முதல் தடவை போனது தாசில்தார் ஆபீஸ் சொல்லி.
எரிந்த வீட்டுக்குத் தலா மூன்று படம்,
முன்பக்கம், பின்பக்கம், உள்ளே.
சுவரில் சாக்பீஸால் எண் போட்டிருக்கும்,
எண் விழுகிற மாதிரி எடும்மா என்றார்கள்.
பிரிண்டோடு படத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
நாற்பத்தொரு வீடு.
நகரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு
அது நல்ல மாசம்.
இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

கங்கம்மா எந்த முனையில் திரும்புவாள்
என்பதில் தொடங்கியதாம்.
அன்று அவள் எந்த முனையிலும் திரும்பவில்லை.
நடுத்தெருவிலேயே மூன்று நாள் நின்றாள்,
பூ வாடி, பக்கத்தில் போலீஸ் வேன்.
பாலூர்க் கண்டிகையின் எந்த வீட்டை எடுத்தாலும்
பின்னால் நகரி மலையின் மூக்கு வந்து நின்றது,
ஒன்றும் தெரியாததுபோல.

நாற்பத்தொன்றாம் எண்ணில் இரண்டு விசைத்தறி.
கட்டை எரிந்து, பாவு எரிந்து,
இரும்பு மட்டும் நின்றது
உட்கார மறந்துபோன ஆள் மாதிரி.

ஜாத்திரைப் படங்களும் என்னுடையவைதான்.
இன்ஸ்பெக்டர் கார்டை வாங்கிக்கொண்டார்,
பெரிசாக்கி, சிவப்புப் பேனாவால்
முகங்களைச் சுற்றி வட்டம் போட்டார்.
பதினாறு வட்டம்.
ஒரு வட்டத்துக்குள் தேவராஜுலு,
கையில் சொம்பு,
நீர்மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.
எழுபத்திரண்டு நாள் உள்ளே இருந்தான்.

அடுத்த மாதம் யாரும் சொல்லாமல் போனேன்.
இரண்டு தெருவிலும் ஒரே சொல்:
வத்து.
தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகளும்
வத்து வத்து என்றார்கள்,
விளையாட்டா பயமா தெரியவில்லை.
பையைத் திறக்கவில்லை.
கொத்தனார் குண்டுநூலின் நுனியை நீட்டினார்,
பிடித்தபடி மதியம்வரை நின்றேன்.

பிறகு அவர்களே கூப்பிட்டார்கள்.
ரேஷன் கார்டு எரிந்தவனுக்கு,
பாஸ்புக் எரிந்தவனுக்கு,
முதலில் ஒரு முகம் வேண்டும்.
பாதி எழும்பிய சுவரில் நீலப் போர்வை கட்டினோம்.
மேலத்தெரு காலையில், கீழத்தெரு சாயங்காலம்,
போர்வை ஒன்றுதான்.
பல் தெரியக்கூடாது என்பது விதி.
அந்த விதி அன்று
யாருக்கும் கஷ்டமாக இல்லை.

சாயங்காலம் கடைசியாக தேவராஜுலு வந்து உட்கார்ந்தான்.
காது ரெண்டும் தெரியணும், தலையைத் தூக்கு என்றேன்,
லென்ஸுக்குப் பின்னால் இருந்துகொண்டு.
தூக்கினான்.
அக்கா,
இதுலயும் வட்டம் போடுவாங்களா?

போடுவார்கள்.
பச்சை மை, தாசில்தார் முத்திரை,
பாதி முகத்தின் மேல், பாதி தாளின் மேல்.
இதைச் சொல்ல எனக்குத்
தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை.
அழுத்தினேன்.
கண்ணை மூடிவிட்டான்.
இன்னொன்று எடுத்தேன்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறேன்.
எழுந்த ஜன்னல், ஏறாத கூரை,
கரி படிந்த வேம்பில் ஒரு பக்கம் மட்டும் துளிர்.
ஒரு தறி ஓடுகிறது.
ஓடும் நாடா படத்தில் நிற்பதில்லை,
கலங்கின கோடாகத்தான் விழுகிறது.
அதைச் சரியாக எடுக்க நான் முயலவில்லை.
எல்லாம் அடங்கிவிட்டதா என்று டவுனில் கேட்கிறார்கள்.
அடுத்த ஜாத்திரைக்கு வழி இன்னும் முடிவாகவில்லை.

இரண்டாம் தவணை வரும்வரை
எண்ணை அழிக்காதே என்று சொல்லியிருந்தார்கள்.
வந்தது, பாதி.
தேவராஜுலுவின் மனைவி கௌரம்மா
அன்றைக்கே சுண்ணாம்பு அடித்தாள்.
ரெண்டு கோட்டுக்கு அடியிலும் நாற்பத்தொன்று
மழை நனைத்தால் எழுந்து வருகிறது.
வெயில் நேரத்தில் எடு என்றாள்.
வெயிலில் எடுத்தேன், வெறும் வாசலை.
மழையில் எடுத்தது ஒன்று என்னிடம் இருக்கிறது,
அவளுக்குத் தெரியாது.

எவ்வளவு என்றாள்.
வேண்டாம் என்றேன்.
எவ்வளவு என்றாள்.
பதினெட்டு.
சேலை முடிச்சை அவிழ்த்து
இருபது கொடுத்துவிட்டு
மீதிக்குக் கையை நீட்டியபடி நின்றாள்.